எடுத்துச் சொல்லாததா குறை?

டெல்டாவில் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு என்று மக்கள் தொடர்புத் துறையில் இருப்பவர்களைக் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "ஜனங்ககிட்ட ஒழுங்கா எடுத்துச் சொல்லலை சார்." ஏப்ரல் 21, தேசிய மக்கள் தொடர்பு நாள் கருத்தரங்குகளில் இதைக் கேட்கலாம். நிறுவனத் தலைமையகங்களிலும் கேட்கலாம். அதிகாரிகள் தனிப்பேச்சில் சொல்வதும் இதுதான். மன்னார்குடி மீத்தேன், நெடுவாசல் ஹைட்ரோகார்பன், கதிராமங்கலம், வடசேரி நிலக்கரி எல்லாமே தகவல் தொடர்புத் தோல்விகளாம். நல்ல தமிழில் நாலு குறும்படம் எடுத்து, ஊருக்கு ஒரு விளக்கக் கூட்டம் போட்டு, உள்ளூர் நிருபர்களோடு சுமுகமாக இருந்திருந்தால் மக்கள் ஒத்துக்கொண்டிருப்பார்களாம்.

தஞ்சாவூரில் இருந்துகொண்டு இந்த ஊர்களுக்கு நடுவே மக்கள் தொடர்பு வேலை பார்த்தவன் நான். இந்த வாதம் தவறு. வெறும் தவறாக மட்டும் இருந்தால் பேசாமல் விட்டுவிடலாம். எங்கள் தொழிலையே இது கெடுத்துக்கொண்டிருக்கிறது. டெல்டாக்காரர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்துகொண்டுதான் கேள்வி கேட்டார்கள். பதில் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ, அவர்கள் அந்தக் கேள்விகளைத் தங்கள் மேசைவரை வரவிடவில்லை.

நெடுவாசலையே எடுத்துக்கொள்வோம். 2017 பிப்ரவரி 15 அன்று, கண்டறியப்பட்ட சிறு எண்ணெய், எரிவாயு வயல்களை நிறுவனங்களுக்குக் கொடுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் காரைக்காலும் அந்தப் பட்டியலில் இருந்தன. மறுநாளே நெடுவாசலில் மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மத்திய அமைச்சர்கள் பேசினார்கள். மக்கள் சம்மதம் இல்லாமல் திட்டம் வராது என்று உறுதி தரப்பட்டது. அதை நம்பி மார்ச் இரண்டாம் வாரத்தில் போராட்டத்தை நிறுத்திவைத்தார்கள். மார்ச் 27 அன்று டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நெடுவாசல் வயல் ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்குப் போனது. ஏப்ரல் 12 அன்று மக்கள் திரும்பவும் பந்தலுக்கு வந்தார்கள்.

இதில் எந்த இடத்தில் தகவல் குறைந்தது? வாக்குறுதி தெளிவான தமிழில் சொல்லப்பட்டது. அமைச்சர்களே சொன்னார்கள். எல்லா நாளிதழ்களிலும் வந்தது. ஒரு மக்கள் தொடர்பு அலுவலர் ஆசைப்படக்கூடிய எல்லாமே அந்த வாக்குறுதிக்குக் கிடைத்தது. மூன்று வாரம் முடிவதற்குள் கையெழுத்து அதைப் பொய்யாக்கியது. உலகத்திலேயே தேர்ந்த விளம்பர நிறுவனத்தைக் கூட்டிவந்து நெடுவாசல் ஆலமரத்தடியில் உட்கார வைத்திருந்தாலும் மார்ச் 28 காலையில் அவர்களால் என்ன பேசியிருக்க முடியும்?

"விவரம் தெரியாத ஜனங்க" என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கோபம் வருவது இதற்குத்தான். டெல்டாவுக்கு எண்ணெய்க் கிணறு புதிதல்ல. நரிமணத்தில் 1980களிலேயே எண்ணெய் கண்டுபிடித்துவிட்டார்கள். கோவில்களப்பால், கமலாபுரம், அடியக்கமங்கலம் என்று திருவாரூரைச் சுற்றிக் கிணறுகள் வந்தன. 1993இல் நாகப்பட்டினம் பக்கத்தில் சுத்திகரிப்பு ஆலையே வந்தது. அப்போது மக்கள் மறியல் செய்யவில்லை. நிலம் கொடுத்தார்கள். வேலை வரும், ரோடு வரும் என்று நம்பினார்கள். நெடுவாசல் வட்டாரத்திலும் அப்படித்தான். நல்லாண்டார்கொல்லையிலும் வாணக்கன்காட்டிலும் ஆய்வுக் கிணறு போட வந்தபோது நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். 2017இல் வெளியூர் நிருபர்கள் வந்தபோது நல்லாண்டார்கொல்லைக்காரர்கள் முதலில் கூட்டிப்போய்க் காட்டியது எண்ணெய்க் கழிவு கிடந்த குழியைத்தான்.

எதிர்த்தவர்கள் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர்கள். முப்பது ஆண்டுக் கதையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல வேண்டாம்" என்று சொன்னார்கள். ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தவர் அடுத்த முறை வேண்டாம் என்றால் அவருக்கு விவரம் போதாது என்று எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். விவசாயி சொன்னால் மட்டும் விழிப்புணர்வுக் கூட்டம் போடுகிறோம்.

மன்னார்குடி மீத்தேன் விஷயத்தில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். 2010இல் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட பகுதி 691 சதுர கிலோமீட்டர். தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களின் நடு வயிறு. 2011 ஜனவரியில் மாநில அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் ஆனது. நிலக்கரிப் படுகையில் ஒட்டியிருக்கும் மீத்தேனை எடுக்க வேண்டுமென்றால் முதலில் அந்தப் படுகையிலுள்ள நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். நீரின் அழுத்தம் குறைந்தால்தான் வாயு பிரிந்து வரும். இது எதிர்ப்பாளர்கள் கிளப்பிவிட்ட கதை கிடையாது, தொழில்நுட்பமே அதுதான். இதைக் கேட்ட மாத்திரத்தில் வடுவூர்க்காரரும் கோட்டூர்க்காரரும் கேட்டது என்ன? "கீழ இருக்குற தண்ணிய இறைச்சா மேல இருக்குற தண்ணி நிக்குமா? இறைச்ச தண்ணிய எங்க விடுவீங்க? வடிகால்ல விட்டா அது எங்க வயலுக்குத்தானே வரும்?"

காவிரியில் தண்ணீர் வராத ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணற்றை நம்பிக் குறுவை போடுகிறவர் கேட்கும் கேள்வி இது. மேட்டூர் ஜூன் 12இல் திறக்குமா திறக்காதா என்று ஒவ்வோர் ஆண்டும் கணக்குப் போட்டு நாற்று விடுகிறவருக்கு நீரியல் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், அவர்தான் தூண்டிவிட்டார் என்பார்கள். பேசினார், உண்மைதான். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் உயிர் பிரிந்ததும் அந்தப் பிரச்சாரத்தின் நடுவில்தான். ஆனால் அவர் மூட்டிவிட்ட பயமாக மட்டும் இருந்திருந்தால், மாநில அரசு 2013இல் அமைத்த வல்லுநர் குழுவின் அறிக்கைக்குப் பிறகு திட்டத்துக்கு அனுமதி கிடைத்திருக்க வேண்டும். 2015 அக்டோபரில் அனுமதி கிடையாது என்று அரசு அறிவித்தது. விவசாயிகள் திண்ணையில் கேட்டதை வல்லுநர்கள் ஆவணங்களை வைத்துக்கொண்டு கேட்டார்கள். முடிவு ஒன்றாகவே வந்தது.

எங்கள் அலுவலகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

விடிவதற்கு முன்பே பேப்பர் கட்டு வந்துவிடும். தினத்தந்தி, தினமலர், தினமணி, தினகரன், இந்து தமிழ். எல்லாவற்றிலும் மாவட்டப் பக்கங்களைப் பார்க்க வேண்டும். எங்கள் நிறுவனத்தின் பெயரோ தொழிலோ வரும் செய்தியை வெட்டி வெள்ளைத்தாளில் ஒட்டி, ஸ்கேன் எடுத்து, ஒன்பது மணிக்குள் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நிறம் உண்டு. சாதகம் என்றால் பச்சை, பாதகம் என்றால் சிவப்பு, இரண்டும் இல்லையென்றால் மஞ்சள். பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கொடுத்தது பச்சை. சூரிய ஒளித் தெருவிளக்கு பச்சை. "குழாய் உடைந்து வயலில் எண்ணெய்: விவசாயிகள் வேதனை" சிவப்பு.

சிவப்பு வந்தால் பத்து மணிக்குள் போன் வரும். போனில் கேட்கும் முதல் கேள்வி, "யாருய்யா அந்த ரிப்போர்ட்டர்?" என்பது. குழாய் எந்த இடத்தில் உடைந்தது, எத்தனை மா வயல் கெட்டது, கதிர் எந்தப் பருவத்தில் இருந்தது என்று முதல் போனில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நிருபரைப் பிடிப்பது மக்கள் தொடர்பு வேலை. வயலுக்குப் போவது களப் பொறியாளர் வேலை. இந்த இரண்டு வேலைகளுக்கும் இடையே அலுவலகத்தில் ஒரு நாற்காலி கூடக் கிடையாது.

அந்த நிருபர் யார் என்பதையும் தலைமையகம் யோசிப்பதில்லை. பெரும்பாலும் பகுதி நேர நிருபர். செய்தி அச்சானால்தான் காசு. அவருக்கும் நாலு மா நிலம் இருக்கும். எண்ணெய் பரவிய வயல்காரர் அவருக்கு மாமன் மச்சான் முறையாக இருப்பார். அவருக்கு டைரியும் காலண்டரும் கொடுத்து, பொங்கலுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துச் செய்தியை நிறுத்திவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். நெல் கொள்முதல் நிலையத்தில், ஈரப்பதம் 17 சதவீதத்துக்குக் கீழே வரட்டும் என்று மூட்டைக்குப் பக்கத்தில் நாள்கணக்காகக் காத்துக்கிடக்கிறார்களே, அந்தக் கூட்டத்தின் பேச்சை எந்த ஸ்வீட் பாக்ஸ் நிறுத்தும்?

ஒரு விளக்கக் கூட்டம் எனக்கு மறக்காது. ஊர்ப் பெயரும் நிறுவனப் பெயரும் வேண்டாம். கல்யாண மண்டபத்தில் ஷாமியானா போட்டு, திரையில் படம் காட்டி, தலைமையகத்திலிருந்து வந்த அதிகாரி முக்கால் மணி நேரம் பேசினார். சர்வதேசத் தரம், பாதுகாப்பு வளையம், தானியங்கிக் கருவி என்று எல்லாம் சொன்னார். பேசி முடித்ததும் டீயும் சமோசாவும் வந்தன. அப்போது பின்வரிசையில் இருந்து நடவு வேலைக்குப் போகும் ஒரு அம்மா எழுந்தார். வயது அறுபதை ஒட்டி இருக்கும்.

"தம்பி, நாத்து நடுறப்ப எங்க காலுதான் சேத்துல இருக்கும். எண்ணெ கசிஞ்சா மொதல்ல எங்க காலுக்குத்தான் தெரியும். உங்க மெஷினுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே தெரியும். அப்ப நாங்க யாருக்குப் போன் பண்றது? பண்ணுனா எவ்ளோ நேரத்துல வந்து அடைப்பீங்க? அன்னைக்குக் கூலி போச்சுன்னா அத யாரு குடுப்பா?"

அந்தக் கூட்டத்தில் அதைவிட நல்ல கேள்வி எதுவும் வரவில்லை. எச்சரிக்கை முறை, பதில் நடவடிக்கைக்கான நேரம், நிலம் இல்லாதவருக்கான இழப்பீடு என்று ஒரு பாதுகாப்பு அறிக்கையில் இருக்க வேண்டிய மூன்று பகுதிகளையும் அவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். மேடையில் இருந்தவர், "கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கும்மா, போர்டுல போட்டிருக்கோம்" என்றார். "அந்த நம்பர்ல இந்தியில பேசுறாங்க சார்" என்று ஒரு இளைஞன் குரல் கொடுத்தான். கூட்டம் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்.

நான் எழுதிய குறிப்பில் அவருடைய மூன்று கேள்விகளும் வார்த்தைக்கு வார்த்தை இருந்தன. மண்டல அலுவலகத் தொகுப்பில் அது "இழப்பீடு குறித்த கவலைகள்" ஆயிற்று. தலைமையகத்துக்குப் போன அறிக்கையில் மிஞ்சியது ஒரே ஒரு வரிதான்: சுமார் 150 பேர் பங்கேற்றனர், சந்தேகங்கள் தெளிவுபடுத்தப்பட்டன. அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய பொறியாளர் ஒருவர் அந்த நிறுவனத்தில் எங்கோ இருந்திருப்பார். கேள்வி அவரிடம் போகவே இல்லை.

மக்கள் தொடர்பில் "எடுத்துச் சொல்வது" சின்னப் பாதி. கேட்டதை அலுவலகத்துக்குள் எடுத்துப்போவது பெரிய பாதி. அந்தப் பெரிய பாதியைச் செய்வதற்கு எங்களுக்கு அதிகாரம் கிடையாது, நேரம் கிடையாது, அறிக்கையில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. அப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, மக்களுக்குப் புரியவில்லை என்று எப்படிச் சொல்கிறோம்?

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் நடந்ததைப் படித்தபோது எனக்கு அந்த அம்மா நினைவுதான் வந்தது. எண்ணெய் நிறுவனத்தின் குழாய் உடைந்து வயலில் கச்சா பரவியது. முதலில் பார்த்தவர்கள் ஊர்க்காரர்கள். ஆட்சியர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தார்கள். வந்தது தடியடி. பேராசிரியர் த. ஜெயராமன் உட்படப் பத்துப் பேர் கைதானார்கள். அதன் பிறகு நிறுவனத் தரப்பிலிருந்து விளக்கங்கள் வரிசையாக வந்தன: மீத்தேன் எடுக்கவில்லை, நிலத்தடி நீருக்குப் பாதிப்பில்லை. அந்த விளக்கங்களில் எது சரி எது தவறு என்பதை இங்கே நான் விவாதிக்கப் போவதில்லை. ஊர் கேட்டது ஒன்றே ஒன்று: அதிகாரம் உள்ள ஒருவர் வந்து எங்களோடு வயலில் நின்று பார்க்கட்டும். அதைத் தராமல் மற்ற எல்லாவற்றையும் தந்தார்கள்.

இன்னொரு பக்கம், மக்களிடம் பேசியே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இருந்த ஒரே இடத்தையும் மூடினார்கள். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும். குறைந்தது முப்பது நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். மக்கள் சொன்னது பதிவாக வேண்டும். குறைகள் நிறைய உண்டு. முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும், தமிழ்ச் சுருக்கம் தமிழாகவே இருக்காது. ஆனாலும் கேள்வி பதிவேட்டில் ஏறும் ஒரே சபை அதுதான். 2020 ஜனவரி 16 அன்று எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை வேறு பட்டியலுக்கு மாற்றி ஒரு திருத்தம் வந்தது. அந்தக் கிணறுகளுக்குக் கருத்துக் கேட்பு தேவையில்லை என்றாயிற்று. அன்று மாட்டுப் பொங்கல். டெல்டாவே மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த நாள்.

அதே ஆண்டு வந்த புதிய வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. மற்ற மொழிகளிலும் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. எடுத்துச் சொல்லாததுதான் குறை என்று வருத்தப்படுகிறவர்கள் அந்த ஜனவரியில் ஏன் வாய் திறக்கவில்லை? தகவல் தொடர்பின் மேல் உண்மையான அக்கறை இருந்திருந்தால் எங்கள் சங்கங்கள்தான் முதலில் கண்டன அறிக்கை விட்டிருக்க வேண்டும். மக்கள் பேசும் சபையைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, மக்களுக்குப் புரியவைக்க ஒரு ஏஜென்சியை அமர்த்துவதற்குப் பெயர் மக்கள் தொடர்பு கிடையாது.

எதிர்த்தரப்பில் வலுவான ஒரு வாதம் உண்டு. அதைத் தாண்டிப் போவது நியாயம் ஆகாது. "அன்னைக்கு ரேடியோ நெல்லை ஏத்துக்கிட்டாங்களே? அதுவும் புதுசுதானே? நல்லா எடுத்துச் சொன்னதாலதானே?" என்பார்கள். 1960-61இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் வந்தது. 'பேக்கேஜ் திட்டம்' என்பார்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 அறுபதுகளின் நடுவில் வந்தது. ஏறக்குறைய 105 நாளில் அறுவடைக்கு வரும், குறுவைக்குக் கச்சிதமான ரகம். திருச்சி வானொலியின் பண்ணைச் செய்திகளில் அதைப் பற்றித் தொடர்ந்து சொன்னார்கள். அது வயலெங்கும் பரவியபோது விவசாயிகளே அதற்கு ரேடியோ நெல் என்று பெயர் வைத்தார்கள். மக்கள் தொடர்புப் பாடப்புத்தகங்களில் பெருமையோடு சொல்லப்படும் உதாரணம் இது. எனக்கும் பெருமைதான்.

ஆனால் அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். வானொலி சொன்னதை விவசாயி அப்படியே நம்பி நாற்று விடவில்லை. பக்கத்து வயலில் போட்டுப் பார்த்ததை வரப்பில் நின்று பார்த்தார். நூற்றைந்து நாளில் உண்மை தெரிந்துவிடும். பொய்யாக இருந்தால் அடுத்த பட்டத்தில் விட்டுவிடலாம். விதையும் உரமும் கடனும் சேர்ந்து வந்தன. கிராம சேவக் சைக்கிளில் வந்து வயலில் நின்றார். சொன்னவரைத் திரும்பக் கேட்க முடிந்தது, திருத்த முடிந்தது, வேண்டாமென்று விட முடிந்தது. ஆழத்தில் இறக்கிய குழாயை அடுத்த பட்டத்தில் பிடுங்கிப் போட முடியுமா?

அந்த வெற்றியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். விளைச்சல் கூடியதை வானொலி சொன்னது. கூடிய விளைச்சலில் எங்களுக்கு என்ன பங்கு என்று அறுவடைத் தொழிலாளி கேட்டது எந்த அலைவரிசையிலும் வரவில்லை. 1968 ஏப்ரலில் டெல்லியில் எங்கள் தொழிலுக்கு முதல் அகில இந்திய மாநாடு கூடி நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலியாகக் கூடுதல் நெல் கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நாட்டிலேயே தீவிரமாக விரிவாக்கப் பிரச்சாரம் நடந்த மாவட்டங்களில் ஒன்று இது. பேசும் வழி அவ்வளவு சிறப்பாக இருந்தது; கேட்கும் வழி இல்லவே இல்லை. மக்கள் தொடர்பு பற்றி வகுப்பெடுக்கிறவர்கள் ரேடியோ நெல்லைச் சொல்லிவிட்டு வெண்மணியைச் சொல்லாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே மாவட்டம், ஒரே நெல், ஒரே பத்தாண்டு.

இந்தத் தொழிலின் பிறப்பிலேயே இந்தக் கோணல் இருக்கிறது. அமெரிக்காவில் ஐவி லீ என்பவர் 1906இல், பத்திரிகைகளுக்கு உடனுக்குடன் சரியான தகவல் தருவோம் என்று கொள்கைப் பிரகடனம் வெளியிட்டார். 1914இல் கொலராடோ மாநிலம் லட்லோவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் எரிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். அதன்பின் அந்தச் சுரங்கங்களை நடத்திய ராக்ஃபெல்லர் நிறுவனத்துக்காக அதே லீ வெளியிட்ட பிரசுரங்களில் தவறான விவரங்கள் இருந்தன. நிலைமை ஓரளவு இறங்கிவந்தது ராக்ஃபெல்லரின் மகன் நேரில் சுரங்கத்துக்குப் போன பிறகு, தொழிலாளர் குறைகளைச் சொல்ல ஒரு அமைப்பு உண்டான பிறகு. அதுவும் சங்கத்துக்கு ஈடான அமைப்பு கிடையாது. ஆனாலும் பிரசுரங்களால் ஆகாததை அது கொஞ்சமாவது செய்தது.

வதந்தி பற்றிக் கேட்பார்கள். உண்மை, வாட்ஸ்அப்பில் மிகையான செய்திகள் வந்தன. மூன்றே ஆண்டில் டெல்டா பாலைவனமாகிவிடும் என்று வந்த படங்களை நானும் பார்த்தேன். எல்லாக் கிணற்றையும் மீத்தேன் கிணறு என்று சொன்னவர்களும் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் எந்த ஆழத்தில் என்ன எடுக்கிறோம், எந்தக் குழாய் எந்த ஆண்டு போட்டது, எத்தனை முறை கசிந்தது, எவ்வளவு இழப்பீடு யாருக்குக் கொடுத்தோம் என்ற விவரம் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதியிருந்தால் அந்த வதந்தி எத்தனை நாள் நின்றிருக்கும்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டுத்தான் சொந்த வயலுக்கு அடியில் போகும் குழாயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், பக்கத்து வீட்டுப் பையன் போனில் காட்டுவதைத்தான் மனிதர்கள் நம்புவார்கள்.

நாட்டுக்கு எண்ணெய் வேண்டாமா என்பது கடைசிக் கேள்வி. வேண்டும். நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதிதான். டெல்டா விவசாயியின் அறுவடை இயந்திரமும் டீசலில்தான் ஓடுகிறது. இந்தத் தேவையையும் இந்த ஆபத்தையும் ஒன்றாக வைத்து, முடிவு உங்கள் கையில் என்று ஒரு கிராமசபையிலாவது சொன்னோமா? சம்மதம் என்ற பதிலை மட்டும் எதிர்பார்த்துக் கேட்கப்படும் கேள்விக்கு மறுப்பு வந்தால், மறுத்தவருக்குப் புரியவில்லை என்று எழுதிவிடுகிறோம். மறுப்பதற்கும் மனிதருக்கு உரிமை உண்டு. நன்றாகப் புரிந்தவர்தான் திடமாக மறுப்பார்.

எதிர்ப்பு எப்போது அடங்கியது என்பதைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் அதில் அடங்கின. நெடுவாசல் இருக்கும் திருவரங்குளம் ஒன்றியமும் சேர்ந்தது. ஏற்கெனவே இருக்கும் கிணறுகளை அது தொடவில்லை என்ற பெருங்குறை இன்னமும் இருக்கிறது. 2023 மார்ச் கடைசியில் நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் வடசேரியும் மைக்கேல்பட்டியும் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கேயுள்ள பகுதியும் வந்தன. மக்களை விடுங்கள், மாநில அரசையே கலந்து பேசவில்லை என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8 அன்று மூன்று இடங்களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. வடசேரி அமைதியானது. ஒரு குறும்படம் எடுக்கவில்லை, ஒரு துண்டறிக்கை அச்சடிக்கவில்லை. முடிவு மாறியது, ஊர் வயலுக்குத் திரும்பியது.

டெல்டாவில் நம்பிக்கை எப்படி உண்டாகும் என்று தெரிய வேண்டுமானால் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துக்குப் போய்க் கேட்கலாம். நெல் ஜெயராமன் 2006இலிருந்து அங்கே நெல் திருவிழா நடத்தினார். 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் திரட்டினார். வந்த விவசாயிக்கு 2 கிலோ விதை. அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். போட்டது எப்படி வந்தது, எந்த மண்ணில் சாய்ந்தது, எங்கே பூச்சி வந்தது என்ற சேதியும் விதையோடு திரும்பி வரும். 2018 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும் அந்தத் திருவிழாவுக்குக் கூட்டம் குறையவில்லை. விளம்பரத்துக்கென்று அவரிடம் இருந்தது என்ன? கொடுத்தவரிடமே திரும்ப வந்து சொல்ல ஒரு வழி இருந்தது, சொன்னதைக் கேட்க ஒரு ஆள் இருந்தார்.

2025இல் ராமநாதபுரம் பக்கம் 20 ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது பல மாதம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. தெரிந்ததும் எதிர்ப்பு வந்தது. அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லியிருப்பதாக மாநில அரசு அறிவித்தது. ஆய்வுக் கிணறு என்பதால் கருத்துக் கேட்பு தேவைப்படவில்லை. இனி அடுத்த கருத்தரங்கில் யாராவது ஒருவர் எழுந்து, ராமநாதபுரத்திலும் எடுத்துச் சொல்லாததுதான் குறை என்பார்.

எங்கள் துறையில் இருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். ஆய்வுக் கிணறுகளுக்கும் கருத்துக் கேட்பைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நமது சங்கங்கள் தீர்மானம் போட வேண்டும். விளக்கக் கூட்டத்தில் கேட்ட ஒவ்வொரு கேள்வியும், கேட்டவர் வார்த்தையிலேயே, பதில் சொல்ல வேண்டிய பொறியாளரின் பெயரோடும் தேதியோடும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். பதில் வராத கேள்வி இருக்கும்வரை அந்த ஊரில் அடுத்த வேலை தொடங்கக் கூடாது என்று சொல்லும் உரிமை மக்கள் தொடர்பு அலுவலருக்கு எழுத்தில் வேண்டும். ஒவ்வொரு கிணற்று வாசலிலும் குழாயை மூடக்கூடிய ஆளின் செல்போன் எண், தமிழில் பேசும் ஆளின் எண், எழுதப்பட வேண்டும். இதையெல்லாம் செய்ய முடியாத நிறுவனம் புதிய ஏஜென்சிக்கு டெண்டர் விடவே வேண்டாம். அந்தப் பணத்தை எண்ணெய் பரவிய வயல்காரர்களுக்குக் கொடுக்கட்டும். அந்த வயலில் நடவுக்குப் போக முடியாமல் கூலி இழந்த பெண்களுக்கும் சேர்த்துக் கொடுக்கட்டும்.